மக்காவ் நகரில் ஒன்றரை நாள்: எதை முதலில் சாப்பிடுவது, எங்கே சாப்பிடுவது?

கேள்வி இதுதான்: ஹாங்காங் பயணத்துக்கு நடுவில் ஒன்றரை நாள், பக்கத்தில் இருக்கும் பழைய போர்ச்சுகீசியக் குடியேற்றமான மக்காவ் போகிறோம். போர்ச்சுகீசியச் சமையலும் காண்டனீஸ் சமையலும் கலந்த சாப்பாடு எங்கே நன்றாகக் கிடைக்கும்? கூட வருபவர்களில் ஒருவர் சைவம், இன்னொருவர் மாட்டிறைச்சி தொடமாட்டார்.

கடைப் பெயர்களுக்குப் போவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தச் சின்ன ஊரில் மூன்று தனித்தனிச் சமையல்கள் இருக்கின்றன. லிஸ்பனில் கிடைப்பது போலவே சமைக்கும் போர்ச்சுகீசிய உணவகங்கள் ஒரு பக்கம். தென்சீனாவின் குவாங்டோங் மாகாணத்து வழி வந்த காண்டனீஸ் சமையல், அதாவது டிம்சம் எனும் சிறுபண்டங்கள், நூடுல்ஸ், கஞ்சிக் கடைகள் இன்னொரு பக்கம். மூன்றாவது, 'மக்கனீஸ்' என்று சொல்லப்படும் கலப்புக் குடும்பங்களின் வீட்டுச் சமையல். நீங்கள் கேட்கும் கலப்பு இந்த மூன்றாவதில்தான் இருக்கிறது. ஆனால் ஊருக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் முதல் வகைக் கடையில் நுழைந்து, வறுத்த பக்கலாவ் கருவாட்டு உருண்டையைச் சாப்பிட்டுவிட்டு, மக்காவ் சாப்பாட்டைப் பார்த்தாயிற்று என்று திரும்பிவிடுகிறார்கள்.

உங்களுக்கு இருப்பது ஒன்றரை நாள். காண்டனீஸ் சாப்பாடு ஹாங்காங்கிலேயே தாராளமாகக் கிடைக்கும். போர்ச்சுகீசியச் சாப்பாட்டை வேறு ஊர்களிலும் தேடிப் பிடிக்கலாம். மக்கனீஸ் சாப்பாடு அந்த ஊரை விட்டால் மிக அரிது. அதனால் என் வரிசை: மக்கனீஸ் முதலில், காண்டனீஸ் அதற்கடுத்து, நேரம் மிஞ்சினால் போர்ச்சுகீசியம்.

போர்ச்சுகீசியர் மக்காவ் மண்ணில் காலூன்றியது 1557-இல். அவர்கள் கொடி இறங்கி ஊர் சீனாவின் கைக்குப் போனது 1999 டிசம்பர் 20-இல். இடையில் நானூறு ஆண்டுகளுக்கு மேல். லிஸ்பனிலிருந்து கிளம்பிய கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றி, கோவாவில் தங்கி, மலாக்காவில் தங்கித்தான் மக்காவ் வந்து சேரும். வந்த ஆண்கள் வழியில் இருந்த ஊர்ப் பெண்களைக் கட்டிக்கொண்டார்கள்; பிறகு சீனப் பெண்களையும். அந்த வீடுகளின் அடுப்பில்தான் இந்தச் சமையல் பிறந்தது. எனவே இதைப் போர்ச்சுகீசியமும் காண்டனீஸும் மட்டும் சேர்ந்தது என்று நினைத்துப் போகாதீர்கள். மஞ்சள், புளி, தேங்காய்ப்பால், கூனி இறால் விழுது எல்லாம் அந்தக் கடல் வழியில் ஏறியவை. நம் நாக்குக்கு இந்தச் சமையல் சட்டென்று பிடிபடுவதற்கு அதுதான் காரணம். 2021-இல் சீனா தன் தேசிய மரபுப் பட்டியலில் இதைச் சேர்த்தது. அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 2017-இல், யுனெஸ்கோ மக்காவ் நகரை உணவுக்கலை நகரம் என்று அறிவித்துவிட்டது. பட்டியல்கள் இருக்கட்டும், சமைப்பவர்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள் என்பதும் உண்மை.

முதல் மதியச் சாப்பாட்டுக்கு ரிக்கெஷோ போங்கள். அவெனீடா சிடோனியோ பாயிஸ் சாலையில் இருக்கும் சிறிய, எளிமையான இடம். அலங்காரம் ஒன்றும் எதிர்பார்க்க வேண்டாம். இதை நடத்திவந்த ஐடா டி ஜெசுஸ் அம்மையார் 2021-இல், நூறு வயதைக் கடந்து இறந்தார். மக்கனீஸ் சமையலுக்கு ஊரே அவரைத்தான் தாயாகச் சொல்லும். இங்கே கேட்க வேண்டியது மின்ச்சி. கொத்திய இறைச்சியைச் சோயா சாஸ், வெங்காயம் போட்டு வதக்கி, சிறு சதுரங்களாக வெட்டிப் பொரித்த உருளைக்கிழங்கைக் கலந்து, வெள்ளைச் சோற்றின் பக்கத்தில் வைத்து, மேலே ஒரு பொரித்த முட்டையைப் போட்டுத் தருவார்கள். மஞ்சள் கருவை உடைத்துச் சோற்றோடு பிசைந்து சாப்பிட வேண்டும். பார்க்க ஒன்றுமில்லாத பண்டம். ஆனால் ஒவ்வொரு மக்கனீஸ் வீட்டுக்கும் ஒரு மின்ச்சி உண்டு. எங்கள் வீட்டுடையதுதான் சரி என்று சண்டை போடுவார்கள். மாட்டிறைச்சி சாப்பிடாதவர் கவனிக்க: பல இடங்களில் மாடும் பன்றியும் சேர்த்தே மின்ச்சி செய்வார்கள். பன்றி மட்டுமா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

அதோடு போர்கோ பலிஷாவ் தமரிந்தோ கிடைத்தால் விடாதீர்கள். பலிஷாவ் என்பது கூனியை உப்பு, மிளகாய், பிரிஞ்சி இலை, கொஞ்சம் மதுவோடு ஊறவைத்துப் புளிக்கச் செய்த விழுது. அதையும் புளிக்கரைசலையும் சேர்த்துப் பன்றி இறைச்சியை மெதுவாக வேகவைப்பார்கள். மூடியைத் திறந்ததும் வரும் வாடை கருவாட்டுக் குழம்பு பழகாதவர்களைப் பின்வாங்க வைக்கும். வாயில் வைத்தால் முதலில் புளிப்பு, பிறகு இனிப்பு, கடைசியில்தான் கூனி தெரியும். நான்கு பேர் போனால் ஒரு தட்டு போதும், சோறு நிறைய வேண்டும்.

ரிக்கெஷோ உங்களுக்குத் தோதுப்படாவிட்டால் பார்ரா பக்கம் போகலாம். ஆ-மா கோயிலுக்கு அருகே, ருவா டோ அல்மிரான்டே செர்ஜியோ என்ற ஒரே தெருவில் இரண்டு பெயர்பெற்ற உணவகங்கள்: லித்தோரல், ஆ லோர்ஷா. இலகு ரயில் 2023 டிசம்பரிலிருந்து பார்ரா வரை ஓடுகிறது என்பதால் தெற்கே தைபா, கோட்டாய் பகுதிகளில் தங்கினாலும் எளிதாக வந்துவிடலாம். லித்தோரல் மக்கனீஸ் பக்கம் சாய்ந்தது. ஆ லோர்ஷா 1989 முதல் நடப்பது, போர்ச்சுகீசியப் பக்கம் சாய்ந்தது. ஒரே ஒரு ராத்திரிதான் என்றால் நான் லித்தோரலைச் சொல்வேன்.

அங்கே இரண்டு கோழி வகைகளைக் கேளுங்கள். ஒன்று கலீன்யா ஆ போர்த்துகேசா, அதாவது போர்ச்சுகீசியக் கோழி. போர்ச்சுகலில் போய் இதைக் கேட்டால் யாருக்கும் தெரியாது. கோழி, உருளைக்கிழங்கு, ஷொரீசோ தொத்திறைச்சி, ஆலிவ் காய், அவித்த முட்டை எல்லாவற்றையும் மஞ்சள் போட்ட தேங்காய்ப்பாலில் மூழ்கவைத்து, மேல்பக்கம் லேசாகச் சிவக்கும் வரை ஓவனில் வைத்து எடுப்பார்கள். முதல் கரண்டியில், காரம் போடாத சொதியில் யாரோ ஆலிவ் காயைப் போட்டுவிட்டார்கள் என்று தோன்றும். குழந்தைகள் கூட வந்தால் அவர்களுக்கு இதுதான்.

மற்றது ஆப்பிரிக்கக் கோழி. 1940-களில் பௌசாடா டி மக்காவ் விடுதியில் சமையல்காரராக இருந்த அமெரிகோ ஆஞ்செலோ உருவாக்கியது என்று சொல்வார்கள். மிளகாய், பூண்டு, தேங்காய், நிலக்கடலை சேர்ந்த கெட்டியான சாந்தைச் சுட்ட கோழியின் மேல் ஊற்றித் தருவது பொதுவான முறை. ஆனால் கடைக்குக் கடை மாறும். ஒரு இடத்தில் சாந்து குழம்பு போல நீந்தும், இன்னொரு இடத்தில் தோலோடு ஒட்டிக் கருகியிருக்கும். எனக்குப் பிடித்தது இரண்டாவது. அவெனீடா டா ரெபுப்ளிகா கரையோரச் சாலையில் 1976 முதல் இருக்கும் ஹென்ரீஸ் கேலி இந்தக் கோழிக்குப் பெயர் வாங்கிய இடம். ஆலமர நிழலில் நடந்து போகும் அந்தச் சாலைக்காகவே போகலாம். காரம் என்று எச்சரிப்பார்கள். நமக்கு ஒன்றும் ஆகாது.

குளிர்காலத்தில் போகிறீர்கள் என்றால் தாஷோ இருக்கிறதா என்று விசாரியுங்கள். முட்டைக்கோஸ், கோழி, பன்றித் தோல், ஹாம் எல்லாம் போட்டு ஒரே பானையில் மணிக்கணக்கில் வேகும் பண்டம். போர்ச்சுகீசிய ஊர்களில் செய்யும் கொசீதோவின் உறவுதான், ஆனால் போர்ச்சுகீசியத் தொத்திறைச்சிக்குப் பதில் இனிப்பான சீனத் தொத்திறைச்சியான லாப் சியோங் போடுகிறார்கள். அந்த ஒரு மாற்றத்தால் சாறு முழுக்கவே இனிப்புக்குத் திரும்பிவிடுகிறது. கிறிஸ்துமஸ் வீட்டுப் பண்டம் என்பதால் கடைகளில் எல்லா நாளும் இருக்காது.

இனிப்புக்குச் செர்ராதூரா எல்லா இடத்திலும் கிடைக்கும். நுரைக்க அடித்த கிரீமில் கண்டன்ஸ்டு மில்க் கலந்து, மரி பிஸ்கட் பொடியை அடுக்கடுக்காகத் தூவிக் குளிரவைத்தது. நன்றாகவே இருக்கும். ஆனால் பட்டியலில் பெபிங்கா டி லெய்த்தே இருந்தால் அதை வாங்குங்கள். கோவாவின் பெபிங்காவைப் போல அடுக்கு கிடையாது. தேங்காய்ப்பால், முட்டை, சர்க்கரை சேர்ந்த மெத்தென்ற ஒரே வார்ப்பு.

இனி காண்டனீஸ் பக்கம். காலைச் சாப்பாட்டை விடுதியில் சாப்பிட்டு வீணாக்காதீர்கள். சிவப்புச் சந்தைக்குப் பக்கத்தில் மாடியில் இருக்கும் லுங் வா தேநீர்க்கடை 1962-இல் தொடங்கியது. பச்சைச் சாளரங்கள், பழைய தரை ஓடுகள், செய்தித்தாள் விரித்த முதியவர்கள். டிம்சம் கூடைகளை நீங்களே போய் எடுத்துக்கொள்ள வேண்டும், தேநீருக்கு வெந்நீரும் நீங்களே ஊற்றிக்கொள்ள வேண்டும். டிம்சம் ஹாங்காங் பெரிய உணவகங்கள் அளவுக்கு நுணுக்கமாக இருக்காது. இடத்துக்காகவும் பூ-அர் தேநீருக்காகவும் போவது. மதியத்துக்கு மேல் மூடிவிடுவார்கள். சாப்பிட்டுவிட்டுக் கீழே 1936-இல் கட்டிய சந்தைக் கட்டடத்துக்குள் ஒரு சுற்று வாருங்கள். மீன் கடைக்காரர்களின் கத்தி வேகத்தைப் பார்ப்பதற்கே பொழுது போய்விடும்.

நூடுல்ஸுக்குச் செனாடோ சதுக்கத்து வோங் சி கெய்யில் எப்போதும் வரிசை நிற்கும். நான் ருவா டா ஃபெலிசிடாடேயில் இருக்கும் சியோங் கெய்யைச் சொல்வேன். சிவப்புக் கதவுகள் கொண்ட அந்தத் தெரு ஒரு காலத்தில் ஊரின் விலைமாதர் தெரு. இப்போது புகைப்படத் தெரு. கடை சின்னது, முன்பின் தெரியாதவர்களோடு மேசையைப் பகிர்ந்துகொள்ள வேண்டியிருக்கும். இங்கே மாவைப் பிசைவது பழைய முறை: கனத்த மூங்கில் கழியின் ஒரு முனையைச் சுவரில் பொருத்தி, மறுமுனையில் ஆள் உட்கார்ந்து எம்பி எம்பி மாவை அழுத்துவது. அதனால் நூடுல்ஸ் மெல்லியதாக இருந்தும் பல்லுக்குப் பிடி கொடுக்கும். மேலே உலர்ந்த இறால் முட்டையைப் பொடியாகத் தூவிய சாறில்லாத வகையைக் கேளுங்கள், சாறு தனிக் கிண்ணத்தில் வரும்.

பன்றித் துண்டு பன் பற்றிக் கட்டாயம் கேள்விப்பட்டிருப்பீர்கள். தைபாவின் தாய் லெய் லோய் கெய் 1968 முதல் விற்கிறது, இப்போது பல கிளைகள். வெளியே மொறுமொறுப்பும் உள்ளே மென்மையுமான சின்ன ரொட்டி போர்ச்சுகீசியர் கொண்டுவந்த வகை. நடுவில் இருப்பது சோயாவிலும் பூண்டிலும் ஊறவைத்துப் பொரித்த சீனப் பன்றித் துண்டு. இலை கிடையாது, சாஸ் கிடையாது, எலும்பைக்கூட எடுக்க மாட்டார்கள். கடிக்கும்போது பார்த்துக் கடியுங்கள். கலப்பு என்பதை ஒரே கையில் பிடித்துப் பார்க்க இதைவிட மலிவான வழி இல்லை. சூடாகக் கிடைத்தால் மட்டும் வாங்குங்கள். ஆறிவிட்டால் ரொட்டி ரப்பர்.

பயணக் குறிப்புகளில் அதிகம் வராத ஒரு பேட்டையையும் சொல்கிறேன். மூன்று விளக்கு என்று அழைக்கப்படும் ரொட்டுண்டா டி கார்லோஸ் டா மாயா சுற்றுவட்டாரம். 1960-களில் பர்மாவிலிருந்து கிளம்பிய சீனக் குடும்பங்கள் இங்கே குடியேறின. அதனால் மீன் சாற்று நூடுல்ஸான மொஹிங்காவும் தேங்காய்ப்பால் கோழி நூடுல்ஸும் விற்கும் சிறு கடைகள் இங்கே இருக்கின்றன. ங்கா ஹியோங் அவற்றில் பெயர்பெற்றது. அதே காலத்தில் பர்மாவிலிருந்து திரும்பிய நம்மவர்கள்தான் சென்னை பாரிமுனையில் பர்மா நூடுல்ஸான அத்தோ விற்கும் வண்டிகளைப் போட்டார்கள். அத்தோ பிடிக்கும் என்றால் ஒரு காலையை இங்கே கழியுங்கள்.

முட்டை டார்ட்டுக்குக் கொலோவான் கிராமத்துக்கே போவது நல்லது. ஆண்ட்ரூ ஸ்டோவ் என்ற ஆங்கிலேயர், மருந்து வேலைக்காக வந்தவர், 1989-இல் அங்கே லார்ட் ஸ்டோவ்ஸ் பேக்கரியைத் திறந்தார். போர்ச்சுகலின் டார்ட்டை அவர் தன் ஊர்க் கஸ்டர்ட் பழக்கத்தில் செய்ய, புதிதாக ஒன்று பிறந்தது: அடுக்கடுக்காக உதிரும் ஓடு, மேலே கருகிய சர்க்கரைப் புள்ளிகள், உள்ளே இனிப்பு குறைந்த தளதள கஸ்டர்ட். ஹாங்காங்கின் வழவழ மஞ்சள் டார்ட் முற்றிலும் வேறு. அவருடைய முன்னாள் மனைவி மார்கரெட் நகர மையத்தில் நடத்தும் மார்கரெட்ஸ் கஃபே ஏ நாத்தாவும் புகழ்பெற்றது. கேஎஃப்சி தன் ஆசியக் கடைகளில் விற்கும் டார்ட்டுக்கு அவரிடமிருந்துதான் செய்முறை வாங்கியது. எது மேல் என்ற வாதத்தில் நான் கொலோவான் கட்சி. அடுப்பிலிருந்து வந்ததும் வாயில் போடாதீர்கள். கஸ்டர்ட் நாக்கைப் பொசுக்கிவிடும். பெட்டியை எடுத்துக்கொண்டு கரைச் சுவரில் உட்காருங்கள். எதிரே குறுகிய நீருக்கு அந்தப் பக்கம் தெரிவது சீனப் பெருநிலத்தைச் சேர்ந்த ஹெங்சின் தீவு.

கொலோவான் வரை வந்துவிட்டால் 26ஏ பேருந்தில் ஹாக் சா கடற்கரைக்குப் போய் பெர்னாண்டோஸில் மதியச் சாப்பாட்டை வைத்துக்கொள்ளலாம். 1986 முதல் இருக்கிறது. கட்டம் போட்ட மேசைத்துணி, கரியில் சுட்ட கோழி, பொரித்த உருளைக்கிழங்கு, கொத்தமல்லித் தழையும் பூண்டும் வெள்ளை ஒயினும் சேர்த்த மட்டி. மட்டியை முடித்த பிறகு தட்டில் நிற்கும் சாற்றை ரொட்டியால் துடைத்துச் சாப்பிடுவதுதான் அந்த வேளையின் உச்சம். வார இறுதியில் காத்திருக்கத் தயாராகப் போங்கள். இது முழுக்கப் போர்ச்சுகீசியக் கணக்கில் சேரும். ஊருக்குள்ளேயே வேண்டும் என்றால் 1870-இல் கட்டிய இளஞ்சிவப்புக் கட்டடமான கிளூபே மிலிட்டாரின் மதிய பஃபே கொடுக்கும் காசுக்கு மோசமில்லை.

காசினோ விடுதிகளுக்குள் ரோபுஷோன் ஓ டோம், ஜேட் டிராகன் போன்ற மிஷ்லின் நட்சத்திர இடங்கள் உண்டு. பணம் இருந்தால் போகலாம்; நீங்கள் கேட்ட கலப்புக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை. தைபாவின் ருவா டோ குன்யா தெருவில் பாதாம் பிஸ்கட்டும் உலர் இறைச்சியும் வாயில் திணிப்பார்கள். அந்தப் பிஸ்கட்டின் மூலப்பொருள் பெரும்பாலும் பாசிப்பயறு மாவு. ருசி பார்த்துக்கொண்டே நடந்துவிடுங்கள், தெரு நீளம் கொஞ்சம்தான்.

சைவம் சாப்பிடுபவர் விஷயம். மக்கனீஸ் சமையலில் அவருக்கு ஏறக்குறைய ஒன்றும் இல்லை, இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போர்ச்சுகீசியக் கடைகளில் தக்காளிச் சோறு, சாலட், பாலாடைக்கட்டி, ரொட்டி, பொரித்த உருளை கிடைக்கும். கால்தோ வெர்தே கீரைச் சூப்பில் ஒரு துண்டு ஷொரீசோ மிதக்கும். எடுத்துவிட்டுத் தரச் சொன்னாலும் அடிச்சாறு இறைச்சியாக இருக்கலாம். காண்டனீஸ் கடைகளில் பூண்டு போட்ட கீரை கேட்கும்போது சிப்பிச் சாஸ் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். 'ஜாய்' என்று சொன்னால் சைவம் என்று புரிந்துகொள்வார்கள். சீனப் பேக்கரிப் பண்டங்களில் பன்றிக்கொழுப்பு சகஜம்.

அவருக்கு நிம்மதியாகச் சாப்பிட ஒன்று இருக்கிறது: செனாடோ சதுக்கத்துக்கு அருகே உள்ள லெய்தாரியா ஈ சோனின் இஞ்சிப் பால். சூடான பாலை இஞ்சிச் சாற்றின் மேல் ஊற்றியதும் இஞ்சியிலுள்ள நொதியாலேயே பால் உறைந்துவிடும். ஜெலட்டினும் வேண்டாம், முட்டையும் வேண்டாம். அதே கடையின் இரட்டை ஆடைப் பாலில் முட்டை வெள்ளை உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஹலால் தேடுபவர்களுக்கு மக்காவ் கஷ்டமான ஊர்.

உணவுப் பட்டியலைப் படிக்க நான்கு சொல் போதும்: வாகா என்றால் மாடு, போர்கோ என்றால் பன்றி, ஃப்ராங்கோ அல்லது கலீன்யா என்றால் கோழி. சிறிய குடும்பக் கடைகள் வாரத்தில் ஒரு நாள் மூடும், மதியம் மூன்று மணிக்கு அடுப்பை அணைத்துவிடும். எனவே கிளம்பும் முன் போன் போட்டுக் கேளுங்கள். தேதி உங்கள் கையில் இருந்தால் அக்டோபரில் தைபா வீடுகளை ஒட்டி நடக்கும், போர்ச்சுகீசியத் தொடர்புள்ள ஊர்களின் லுசோஃபோனியா விழாவுக்குப் பொருத்திப் பாருங்கள். கோவா, டாமன் டையூ, மொசாம்பிக், கேப் வெர்டே என்று அந்தப் பழைய கப்பல் வழி ஊர்களெல்லாம் பக்கத்துப் பக்கத்துக் கடைகளில் சமைக்கும். அக்டோபர் முதல் வாரச் சீன விடுமுறையை மட்டும் தவிர்த்துவிடுங்கள், நடக்கவே இடம் இருக்காது.

பணம்: ஹாங்காங் டாலரை எல்லாரும் வாங்குவார்கள், மீதியை மக்காவ் நாணயமான பட்டாக்காவில் தருவார்கள். பேருந்துக்கு ஆறு பட்டாக்கா, சில்லறை கிடைக்காது. பட்டாக்காவை ஹாங்காங்கில் கடைக்காரர்கள் வாங்க மாட்டார்கள் என்பதால் மிஞ்சிய நாணயங்களைக் கிளம்பும் முன் ஒரு பெட்டி டார்ட்டில் தீர்த்துவிடுங்கள்.